பயிருக்கு நட்டஈடு, மண்ணுக்கு மருந்து

திருக்கோணமலை என்றதும் வெளியூரவர் உள்ளத்தில் எழுவன கடலும் கப்பலுமே. இயற்கை அமைத்துத் தந்த துறைமுகம், அதன் அருகே நிமிர்ந்து நிற்கும் கோணமலை, அத்துறைமுகத்தை நாடி வந்த போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று பள்ளிக்கூடத்துச் சரித்திர நூல்களும் கரையோரத்துடனேயே நின்றுவிடுகின்றன. ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டி, கப்பல்துறையிலிருந்து உள்நாட்டை நோக்கிப் புறப்படுவோர்க்கு வேறொரு மாவட்டம் தென்படும். தம்பலகாமத்து வயல்வெளி, கந்தளாய்க் குளத்தின் கீழ் விரிந்து கிடக்கும் பாசன நிலம், கொட்டியாரக் குடாவைச் சுற்றிய மூதூரும் கிண்ணியாவும், வெருகலாற்றை அண்டிய ஈச்சிலம்பற்றும் சேருவிலவும் என்று, கப்பலைக் காணாமலே வாழ்நாளைக் கழிக்கும் கமக்காரரின் நாடு அது.

இவ்வாரம் நாம் அந்நாட்டைப் பற்றியே பேச விரும்புகின்றோம். எடுத்துக்கொண்ட பொருள், இயற்கையின் சீற்றத்தால் சேதமுற்ற விளைநிலங்களுக்கு அரசாங்கம் அளிக்கும் உதவிப்பணம். உதவிப்பணம் என்றவுடன் சிலர் முகம் சுளிப்பர். வேறு சிலர் விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்பர். இரு சாராரும் சற்றுப் பொறுத்து, அப்பணம் எதற்காகக் கொடுக்கப்படுகின்றது என்னும் கேள்வியை எம்முடன் சேர்ந்து ஆராய வேண்டுகின்றோம்.

வெள்ளம் வந்த வழி

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் கடைசி நாட்களில் ‘டித்வா’ என்னும் சூறாவளி இலங்கையைத் தாக்கியது. அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. மலைநாட்டிலே மண் சரிந்து வீடுகளும் குடும்பங்களும் ஒருங்கே புதையுண்டன. அவ்விடத்துத் துயரத்தின் முன் வயலைப் பற்றிப் பேசுவதற்கும் நா எழாது. ஆயினும் மலையில் பெய்த மழை மலையிலேயே தங்குவதில்லை. இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி கடலை அடையும் வாசல் கொட்டியாரக் குடா. அதன் கிளையாகிய வெருகலாறும் திருக்கோணமலை மாவட்டத்தின் தெற்கெல்லையை அணைந்தே கடலிற் கலக்கின்றது. எனவே கண்டியிலும் நுவரெலியாவிலும் கொட்டிய மழைக்கு மூதூரும் வெருகலும் கணக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. மாவிலாற்று அணையின் கட்டு உடைந்தது. நீர் சூழ்ந்த ஊர்களிலிருந்து மக்களைப் படையினர் ஆகாய வழியாகவும் படகு வழியாகவும் மீட்டனர்.

மாவிலாறு என்னும் பெயர் நாட்டுக்குப் புதியதன்று. 2006 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அதன் துருசு மூடப்பட்டமையால் கீழேயிருந்த வயல்கள் நீரின்றி வாடின. அதனையொட்டி மூண்ட சண்டை பெரும்போராக வளர்ந்தது. பத்தொன்பது ஆண்டுகளின்பின் அதே அணை, நீர் மிகுந்தமையால் மக்களை இடம்பெயர்த்தது. நீர் குறைந்தாலும் மிகுந்தாலும் துன்புறுவோன் அவ்வாற்றின் கீழுள்ள கமக்காரனே.

இம்மாவட்டத்து முதியோர்க்கு இத்தகைய நாட்கள் பல நினைவில் உண்டு. 1964 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்துச் சூறாவளியை அவர்கள் இன்றும் ஆண்டுக் கணக்கின் அடையாளமாகக் கொள்வர். 1986 ஆம் ஆண்டு ஏப்பிரல் 20 ஆம் நாள் விடியுமுன்னர் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரக்கணக்கான ஏக்கர் வயலும் பாழாயிற்று. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை உப்புநீரைக் கரையோர வயல்களிற் கொண்டுவந்து தேக்கியது. 2011 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிழக்கு மாகாணம் முழுவதும் வெள்ளத்தில் மூழ்கியது. 2020 டிசெம்பரில் ‘புரெவி’ திருக்கோணமலைக்கு வடக்கே கரையேறியது. அறுபது ஆண்டுகளில் இத்தனை முறை வந்த விருந்தாளியை எதிர்பாராத விருந்தாளி என்று சொல்வது முறையாகுமா?

இரண்டு இழப்புகள்

டித்வாவின்பின், நெல், சோளம் முதலிய தானியங்களை இழந்தோர்க்கு ஹெக்டேயர் ஒன்றுக்கு 150,000 ரூபா வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. அதற்கு முந்திய ஆண்டாகிய 2024 இன் வெள்ளத்தின்போது நெல் உட்பட ஆறு பயிர்களுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா வரை என்று அறிவிக்கப்பட்டிருந்தது. நமது கமக்காரர் ஏக்கரிலேயே கணக்குப் பார்ப்பவராதலால், 150,000 ரூபா என்பது ஏக்கருக்கு ஏறக்குறைய 60,700 ரூபாவாகும் என்பதையும் சொல்லிவைக்கின்றோம். முந்திய தொகையிலும் இது அதிகம், இதனை மறுப்பதற்கில்லை. கடனிலே மூழ்கிய நாடு, 2022 ஆம் ஆண்டு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்த நாடு, மூன்றாண்டுகளின்பின் இவ்வாறு கை நீட்டிக் கொடுக்க முன்வந்ததை நாம் குறைத்துப் பேசமாட்டோம்.

நிற்க, இத்தொகை எதற்கு ஈடாகின்றது? இறந்துபோன பயிருக்கு ஈடாகின்றது. விதைநெல் வாங்கிய காசு, உழவு இயந்திரத்துக்குக் கொடுத்த கூலி, பசளைக்குப் பட்ட கடன் ஆகியவற்றை அது ஒருவாறு தீர்க்கும். ஆனால் வெள்ளம் வயலில் இரண்டு வகையான இழப்புகளை விட்டுச் செல்கின்றது. ஒன்று பயிரின் இழப்பு. மற்றொன்று நிலத்தின் இழப்பு. முன்னது ஒரு போகத்துடன் முடியும். பின்னதோ, கவனிப்பாரற்றுக் கிடப்பின், அடுத்த போகத்தையும் அதற்கடுத்த போகத்தையும் உண்டு தீர்க்கும்.

நெல்வயல் என்பது மனிதன் கையாற் செய்த ஒரு பாத்திரம். அதன் அடி மட்டமாக இருக்கவேண்டும். விளிம்பாகிய வரம்பு உறுதியாக இருக்கவேண்டும். நீர் புகவும் வெளியேறவும் வக்கடை சரியான இடத்தில் இருக்கவேண்டும். இவை அமைந்தாலன்றி இரண்டு மூன்று அங்குல நீர் வயல் முழுவதும் ஒரே சீராக நில்லாது. வெள்ளம் வரம்பை அறுத்துச் செல்கின்றது, வாய்க்காலைத் தூர்க்கின்றது, வயலின் ஒரு மூலையில் மணலை மேடாகக் குவித்து, மற்றொரு மூலையைக் குழியாகப் பறிக்கின்றது. அதன்பின் மேட்டிலே நிற்கும் பயிர் காய்கின்றது, பள்ளத்திலே நிற்கும் பயிர் அழுகுகின்றது. கட்டுடைந்த இடத்துக்கு அண்மையிலுள்ள வயல்களில் பருமணலே படியும். அது நீரையும் தாங்காது, பசளையையும் தாங்காது. தொலைவிலுள்ள வயல்களில் மெல்லிய வண்டல் படியும். அது ஓரளவாயின் நன்மையே செய்யும். ஆகவே ஒரே வெள்ளம், ஒரே ஊர், ஒரே பயிராக இருப்பினும், ஒருவனுக்கு வந்தது எருவாகவும் மற்றொருவனுக்கு வந்தது புதைகுழியாகவும் அமைதல் கூடும். பயிர் இழப்பை மட்டும் அளக்கும் கோலால் இவ்விருவரும் ஒரே தொகையைப் பெறுவர்.

மாணவர்க்கு ஒரு கணக்கு

எமது மாணவ வாசகர் பென்சிலை எடுத்துக்கொள்வாராக. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதன்மீது ஆறு அங்குல உயரத்துக்கு மணல் படிந்துள்ளது என்று கொள்வோம். அரை அடியாற் பெருக்கினால் 21,780 கன அடி மணல். நமது நாட்டில் மணலை அளக்கும் கியூப் என்பது 100 கன அடி. ஆகவே ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 218 கியூப் மணல் கிடக்கின்றது. உழவு இயந்திரப் பெட்டி ஒன்று ஒரு தடவைக்கு ஒரு கியூப் ஏற்றும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஏக்கரைத் துப்புரவாக்க 218 பெட்டி மணலை வெளியேற்ற வேண்டும்.

இனி, அக்கமக்காரன் தன் வீட்டுக்கு ஒரு சதமும் எடுக்காமல், கடனும் தீர்க்காமல், ஏக்கருக்குக் கிடைத்த 60,700 ரூபாவையும் மணல் அள்ளுவதற்கே செலவிடுகின்றான் என்று கொள்வோம். பெட்டி ஒன்றுக்கு வருவது 278 ரூபா. இதற்குள்ளே அள்ளுவோர் கூலியும், இயந்திர வாடகையும், எண்ணெயும் அடங்கவேண்டும். மூன்று அங்குல மணலே படிந்தது எனினும் 109 பெட்டிகள். பெட்டிக்கு 557 ரூபா. இத்தொகைக்கு அள்ளித் தருவோர் இருப்பின் அவர் முகவரியைத் தெரிந்துகொள்ள மாவட்டத்துக் கமக்காரர் யாவரும் விரும்புவர்.

கணக்கின் விடை இதுதான்: பயிருக்குக் கொடுத்த பணத்தால் நிலத்தைச் சீர்செய்ய இயலாது. சீர்செய்யாத நிலம் விளையாது. விளையாத நிலத்துக்கு அடுத்த ஆண்டும் உதவி வேண்டும். அல்லது அந்நிலத்தை விட்டு ஒரு குடும்பம் கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ புறப்பட வேண்டும்.

யார் பொறுப்பு?

உடைந்த பெரிய அணையைக் கட்டுவதற்கு நீர்ப்பாசனத் திணைக்களம் இருக்கின்றது. 200 ஏக்கருக்கு உட்பட்ட சிறு குளங்களைப் பார்ப்பதற்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் இருக்கின்றது. ஆனால் குளத்திலிருந்து புறப்பட்ட நீர் கிளை வாய்க்காலையும் தாண்டி வயலுக்குள் அடியெடுத்து வைத்ததும், அங்கேயுள்ள வரம்பும் வக்கடையும் மண்ணும் கமக்காரனின் சொந்தப் பொறுப்பாகிவிடுகின்றன. சாதாரண காலத்தில் இது நியாயமே. தன் வரம்பைத் தான் கட்டாதவன் கமக்காரன் ஆகான். எனினும் 218 பெட்டி மணல் சாதாரண காலத்து வேலையன்று. மேலே கோடிக்கணக்கான ரூபாவில் அணையைப் புதுக்கி, கீழே மணல் மூடிய வயலை அப்படியே விட்டால், புதிய அணையிலிருந்து வரும் நீர் எதை நனைக்கப் போகின்றது?

நிலத்துக்கென்று உதவுவது நமது நாட்டுக்கு அந்நியமான எண்ணம் என்று எவரும் கருதவேண்டாம். 1951 ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. மண்ணரிப்பைத் தடுத்தலோடு வெள்ளத்தாலும் வரட்சியாலும் நிலத்துக்கு நேரும் சேதத்தைத் தடுத்தலும் அதன் நோக்கங்களாக இருந்தன. 1953 ஆம் ஆண்டு இறப்பர் மீள்நடுகை உதவிப்பணச் சட்டம் வந்தது. கிழமரத்தை அகற்றி நிலத்தைப் புதுப்பிக்கும் வேலைக்கே அப்பணம் கொடுக்கப்பட்டது. அவ்வாண்டுப் பால் விற்பனையின் நட்டத்துக்காகவன்று. நெற்பயிருக்குக் காப்புறுதி 1958 இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்று, 1973 இலும் 1999 இலும் புதிய சட்டங்களால் விரிவடைந்தது. ஆக, பயிருக்குக் காப்புறுதியும் பழக்கம், நிலத்துக்கு உதவிப்பணமும் பழக்கம். இவ்விரண்டையும் நெல்வயலிலே ஒன்றுசேர்க்க வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது.

அயலார் செய்வது

நமது அயல்நாடாகிய இந்தியாவில் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து உதவுவதற்கு எழுதிவைத்த விதிகள் உண்டு. அவற்றிலே பயிர் இழப்புக்கு ஒரு தலைப்பும் நிலத்துக்கு வேறு தலைப்புமாகப் பிரித்துள்ளனர். விளைநிலத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்து, அதனை அதிகாரி உறுதிப்படுத்தினால், அதை அகற்றுவதற்கு ஹெக்டேயருக்கு இவ்வளவு என்று வீதம் குறித்துள்ளனர். 2015 இன் விதிகளில் 12,200 இந்திய ரூபாவாக இருந்த அவ்வீதம் 2022 இன் விதிகளில் 18,000 ஆக உயர்ந்தது. ஆறு திசைமாறியோ மலை சரிந்தோ நிலமே அழிந்துபோனால் அதற்கு வேறு வீதம். தொகை போதுமா என்பது வேறு கேள்வி. மணல் என்னும் சொல் சட்டப் புத்தகத்தில் இடம்பெற்றிருக்கின்றது. அதிகாரி வயலுக்கு வரும்போது அளவுகோலைக் கொண்டுவர வேண்டியிருக்கின்றது. அதுவே பெரிய காரியம்.

தமிழகத்திலிருந்து மற்றொரு சான்று காட்டுவோம். 2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் ‘கஜா’ புயல் வேதாரணியத்தின் அருகே கரையேறி, தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. தமிழக அரசு விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபா நட்டஈடும், அம்மரத்தை வெட்டி அப்புறப்படுத்துவதற்கு 500 ரூபாவும் என்று இரண்டாகப் பிரித்து அறிவித்தது. நாற்பதாண்டு காய்த்த மரத்துக்கு அறுநூறு ரூபா ஈடாகுமா என்று தோப்புக்காரர் கேட்டனர். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆயினும் விழுந்த மரத்தை அகற்றாமல் புதிய கன்றை நடமுடியாது என்பதனை அந்த இரண்டாவது தொகை ஏற்றுக்கொண்டது.

கடல் கடந்து அமெரிக்காவை நோக்கின், அங்கே இவ்வகை உதவிக்கென்றே அவசர நிலப்பாதுகாப்புத் திட்டம் என ஒன்று நடைபெறுகின்றது. 1930 ஆம் ஆண்டுகளில் அந்நாட்டின் நடுப்பகுதியில் வரட்சியும் காற்றும் சேர்ந்து மேல்மண்ணைப் புழுதியாக்கிப் பறக்கவிட்டன. பல இலட்சம் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். மண் போனால் மக்களும் போவர் என்பதை அன்று கற்ற அந்நாடு 1935 இல் மண் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. இன்றைய அவசரத் திட்டம் 1978 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழி நடப்பது. வெள்ளமோ சூறாவளியோ நிலத்தைக் கெடுத்தால், குப்பைகூளங்களை அகற்றவும், நிலத்தை மட்டப்படுத்தவும், வேலியையும் நீர்காப்பு அமைப்புகளையும் திருத்தவும் ஆகும் செலவில் நூற்றுக்கு 75 பங்கு வரை அரசாங்கம் ஏற்கும்; வசதி குறைந்தோர்க்கு 90 பங்கு வரை ஏற்கும். மீதியைக் கமக்காரர் தம் பணத்தாலோ உழைப்பாலோ ஈடுசெய்வர்.

அத்திட்டத்தில் நாம் கவனிக்கத்தக்கவை மூன்று. விண்ணப்பங்களை ஆராய்ந்து அனுமதிப்பது ஊர்க் கமக்காரரே வாக்களித்துத் தெரிந்தெடுத்த உள்ளூர்க் குழு. வேலையைத் தொடங்குமுன் அதிகாரி நிலத்தைப் பார்வையிட வேண்டும். ஆதலால் பழைய மணலைப் புதிய மணலாகக் காட்டுதல் கடினம். வேலை முடிந்தபின்னரே பணம் என்பது பொதுவிதி. எனினும் கையில் முதலில்லாதோர் அவ்விதியால் வாடுவதைக் கண்டு, வேலி திருத்தும் வேலைக்கு நாலில் ஒரு பங்கை முற்பணமாகக் கொடுக்க 2018 ஆம் ஆண்டு இடமளித்தனர். பணக்கார நாட்டிலேயே முற்பணம் வேண்டியிருக்கும்போது, மூதூர்க் கமக்காரனிடம் முதலில் வேலையை முடித்துப் பின்பு பற்றுச்சீட்டைக் கொண்டுவா என்று சொல்வதில் பயன் இல்லை.

எதிர்க்கேள்விகள்

இங்கே நமது வாசகர் சிலர் கேட்கப்போவது எமக்குத் தெரிகின்றது. பணத்துக்கு எங்கே போவது என்பர். நிலத்தின் சேதம் வெள்ளம் புகுந்த எல்லா வயலிலும் நேர்வதில்லை. கட்டுடைந்த வாய்க்கும் ஆற்றின் கரைக்கும் அண்மையிலுள்ள ஒரு பகுதிக்கே நேர்கின்றது. வண்டல் படிந்து நன்மையடைந்தவனுக்கு நில உதவி வேண்டியதில்லை. சேதமுள்ள இடத்தை மட்டும் அளந்து கொடுத்தால், எல்லோர்க்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவதிலும் பார்க்கக் குறைந்த பணமே போதும். அன்றியும் ஒரு முறை துப்புரவான வயல் மறுபோகத்தில் நெல்லைத் தரும். துப்புரவாகாத வயல் மறுபோகத்திலும் நிவாரணத்தையே கேட்கும்.

சிரமதானத்தாற் செய்யலாமே என்பர் வேறு சிலர். வாய்க்கால் வெட்டவும் வரம்பு கட்டவும் ஊர் கூடுவது நம்முடைய பழைய வழக்கம். வட்டவிதானையின் காலத்திலும் அது நடந்தது, கமக்காரர் அமைப்புகளின் காலத்திலும் நடக்கின்றது. அவ்வழக்கம் வாழ்க. ஆனால் மண்வெட்டியும் தாச்சியும் கொண்டு நூறு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யும் வேலைக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த நூறு பேருடைய வயலிலும் மணல் கிடக்கும்போது யார் யாருக்கு உதவுவது? அரசாங்கம் இயந்திரத்தையும் எண்ணெயையும் தரட்டும். ஊர் ஆட்பலத்தைத் தரட்டும். அப்பொழுது சிரமதானமும் பொருளுள்ளதாகும்.

மூன்றாவது கேள்வியே கடினமானது. நிலத்துக்குக் கொடுக்கும் பணம் யார் கையிற் சேரவேண்டும்? பயிருக்குரிய நட்டஈடு விதைத்தவனுக்கு உரியது என்பதில் ஐயமில்லை. நிலமோ பல இடங்களில் ஒருவருடையது, உழைப்பு மற்றொருவருடையது. உரிமையாளர் கொழும்பிலோ கனடாவிலோ இருக்க, குத்தகைக்காரர் வயலிலே நிற்கின்றார். உறுதியைக் காட்டுவோர்க்கே பணம் என்று விதித்தால், அது வயலைக் காணாதவரின் வங்கிக் கணக்குக்குப் போகும். மணல் வயலிலேயே கிடக்கும். குத்தகைக்காரர் தம் செலவில் மணலை அகற்றினால், அடுத்த ஆண்டு உரிமையாளர் குத்தகையை உயர்த்தவும் கூடும். 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரனைப் பாதுகாக்க முயன்றதன் காரணமும் இத்தகைய நிலைமையே. ஆதலால் நில உதவி, வேலையைச் செய்பவருக்கே உரியது. அதனைப் பெற்ற நிலத்தில் அவர் குறைந்தது சில போகங்களாவது பழைய குத்தகைக்கே பயிரிடும் உரிமை பெறவேண்டும் என்பது எமது அபிப்பிராயம். கணவன் பெயரில் அனுமதிப்பத்திரமும், மனைவி கையில் மண்வெட்டியுமாக இருக்கும் குடும்பங்களையும் இவ்விடத்தில் மறந்துவிடலாகாது. போரினாலும் கடலினாலும் ஆண்துணையை இழந்து தாமே கமம் செய்யும் பெண்கள் இம்மாவட்டத்திற் பலர். பதிவேட்டில் பெயர் இல்லையென்ற ஒரே காரணத்தால் அவர்கள் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படக்கூடாது.

செய்யத்தக்கவை

அரசாங்கத்திடம் நாம் வேண்டுவது பெரிய புதிய திணைக்களம் ஒன்றையன்று. வெள்ளம் வடிந்தபின் சேதத்தைக் கணக்கெடுக்கும் படிவத்திலே பயிர் என்னும் நிரலுக்கு அருகில் நிலம் என்னும் நிரலும் நிலையாக இருக்கவேண்டும். எத்தனை அங்குல மணல், எத்தனை பாகம் வரம்பு, எத்தனை அடி வாய்க்கால் என்று அதில் எழுதவேண்டும். அதற்குரிய வீதம் வெள்ளம் வந்தபின் பேசித் தீர்மானிப்பதாக இல்லாமல், வெள்ளம் வருமுன்னரே வர்த்தமானியில் வெளிவந்திருக்க வேண்டும். ஒரு பங்கு முற்பணமாகவும், மீதி வேலையைப் பார்வையிட்டபின்னும் கொடுக்கலாம். பார்வையிடும்போது கமநல சேவை நிலையத்து உத்தியோகத்தருடன் கமக்காரர் அமைப்பின் பிரதிநிதி ஒருவரும் இருப்பது நலம். எந்த வயலில் எப்போது மணல் வந்தது என்பதை மேலேயுள்ள அலுவலகத்திலும் பார்க்க அயல் வயற்காரன் நன்கறிவான்.

குடும்பங்கள் செய்யத்தக்கனவும் உண்டு. வயலைப் பற்றிய பத்திரங்களையும் கமநல சேவை நிலையத்துப் பதிவையும் ஓர் உறையிலிட்டு வீட்டின் உயர்ந்த இடத்தில் வைத்திருத்தல் வேண்டும்; வெள்ளத்தில் முதலில் நனைவது பெரும்பாலும் அவையே. குத்தகைக்குச் செய்வோர், ஒவ்வொரு போகமும் தம் பெயர் பயிரிடுவோராகப் பதியப்பட்டுள்ளதா என்று கேட்டறிவாராக. வெள்ளம் வடிந்ததும் மணலைத் தொடுமுன்னர், ஓர் அடிக்கோலை அதில் ஊன்றிக் கைத்தொலைபேசியால் படம் பிடித்துவைத்தல் நன்று. நாளை விசாரணைக்கு வருபவர்க்கு ஆயிரம் வார்த்தைகளிலும் அந்தக் கோல் தெளிவாகப் பேசும்.

மாணவர்களுக்கும் வேலை உண்டு. தம் ஊர்க் குளத்திலிருந்து புறப்படும் வாய்க்கால் எவ்வழியாகச் செல்கின்றது, எந்த வக்கடையிற் பிரிகின்றது, மழைக்காலத்தில் முதலில் எங்கே உடைக்கின்றது என்பவற்றை விடுமுறை நாளொன்றில் நடந்து பார்த்துப் படமாக வரைந்து, வகுப்பறையில் தொங்கவிடுவாராக. அப்படம் பூமிசாத்திரப் பாடத்துக்கும் உதவும். உத்தியோகத்தர் ஊரைத் தேடி வரும் நாளில் ஊருக்கும் உதவும்.

கமக்காரன் அரசாங்கத்திடம் கேட்பது நெல்லுக்கு விலை, பசளைக்கு மானியம், பயிருக்கு நட்டஈடு என்று பலவாக இருக்கலாம். அவற்றுள் மண்ணைத் திருத்துவதற்குக் கேட்கும் உதவி ஒன்றே, கொடுத்தபின் மீண்டும் கேட்கவேண்டிய தேவையைக் குறைப்பது. பெரும்போகத்து மழை ஆண்டுதோறும் வரும். மகாவலியும் கொட்டியாரக் குடாவைத் தேடி வந்துகொண்டேயிருக்கும். அடுத்த பெருவெள்ளம் வெருகலாற்றங்கரையில் வடியும் நாளிலாவது, வயலுக்கு வரும் உத்தியோகத்தரின் கையில் அந்த இரண்டாவது நிரலும் ஓர் அடிக்கோலும் இருக்கக் காண விரும்புகின்றோம்.